பழைய வீட்டுச் சுவரில் ஓதம்: பெயின்ட் அடித்தும் ஏன் திரும்ப வருது?

பொங்கலுக்கு பெயின்ட் அடித்த சுவர், அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து உதிர்கிறது. தொட்டால் விரலில் வெள்ளைத் தூள். சுவரை ஒட்டி வைத்த பீரோவின் பின்பக்கம் துரு. சென்னையில் முப்பது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய தனி வீட்டின் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன காட்சி. "ஓதம் சார், பழைய வீடுன்னா அப்படித்தான் இருக்கும்" என்பார் ஹவுஸ் ஓனர்.

அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால், தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் பெயின்டில் பணம் போட்டால், அடுத்த வருஷமும் அதே செலவுதான்.

நம் ஊர்க் கொத்தனார் 'பேஸ்மென்ட்' என்று சொல்வது நிலத்தடி அறையை அல்ல. தெருமட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் நடுவே கல்லோ செங்கல்லோ வைத்துக் கட்டி, உள்ளே மண் நிரப்பிய மேடைக்குத்தான் அந்தப் பெயர். சுவர் தொடங்கும் இடத்தில், அந்த மேடையின் மேல் 'டிபிசி' என்று ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு ஒன்று போடுவார்கள். செங்கல்லும் காரையும் ஸ்பாஞ்ச் மாதிரி. நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். டிபிசி குறுக்கே நின்று அதை நிறுத்த வேண்டும். பல பழைய வீடுகளில் அது இருக்காது, அல்லது விரிசல் விட்டிருக்கும்.

மேலேறும் ஈரம் பொதுவாக மூன்று, நான்கு அடியோடு நின்றுவிடும். தண்ணீர் காய்ந்தாலும், அதில் கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகிறது. பூச்சை உள்ளிருந்து தள்ளிப் பெயர்ப்பது அந்த உப்புதான்.

இன்னொரு காரணம் தெருவில் இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே ரோடு போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிய வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கிப் போகிறோம். வெளி மண்ணும் ரோடும் டிபிசிக்கு மேலே போய்விட்டால், அது எவ்வளவு நன்றாக இருந்தும் வீண். ஈரம் அதைத் தாண்டிப் பக்கவாட்டில் நுழைந்துவிடும். சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் மில்லிங் மெஷின் வராமல் தார் லாரி மட்டும் வந்தால், அன்றைக்கே கேளுங்க. போட்ட பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை.

முதலில் கண்டுபிடிங்க

ஈரக்கறை எல்லாச் சுவரிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் கோடு மாதிரி இருந்தால், அது தரையிலிருந்து ஏறும் ஓதம். ஒரே இடத்தில் திட்டாக இருந்தால் பைப் கசிவைச் சந்தேகப்படலாம். சம்ப் பக்கத்துச் சுவரில் மட்டும் என்றால், இரவு சம்ப்பில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்து, யாரும் எடுக்காமல் காலையில் பாருங்க. இறங்கியிருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

இன்னும் குழப்பமா? ஒரு பாலிதீன் ஷீட்டின் நாலு ஓரத்தையும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் நின்றால் காற்றோட்டம் இல்லாததுதான் பிரச்சினை. ஏசி அறைகளில் இது நடக்கும்.

செலவு எங்கே வீணாகிறது?

உள்பக்கம் டைல்ஸ் ஒட்டுவது ரொம்பப் பேர் செய்கிற தப்பு. வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்கு மேலே போய்த் தலைகாட்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவரில் சிமென்ட் பூச்சு, புட்டி, வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் என்று அடுக்கினாலும் இதே கதைதான். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் பொருந்தும், அது ஈரத்தை மூச்சுவிட விடும்.

தண்ணீர் உள்ளே வருகிறதே என்று மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்துபவர்களும் உண்டு. புதுத் தரை டிபிசிக்கு மேலே போய்விடுவதால், ஓதம் இன்னும் ஒரு அடி ஏறும். மின்விசிறி தலைக்கு நெருங்கி வருவது தனி!

என்ன செய்யலாம்?

வேலை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். மொட்டை மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் கொட்டாமல், மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குப் போகட்டும். அந்தத் தொட்டியும் அஸ்திவாரத்தை ஒட்டி இருக்கக் கூடாது. சுவரோரச் செடிப் பாத்தியை எடுத்துவிட்டு, மண்மட்டத்தை டிபிசிக்கு அரை அடி கீழே இறக்கி, வெளிப்பக்கம் சாயும்படி சிமென்ட் தளம் போடுங்க. பல வீடுகளில் இதுவே பாதிப் பிரச்சினையைக் குறைத்துவிடும்.

அதற்கும் அடங்காவிட்டால் கெமிக்கல் இன்ஜெக்‌ஷன். சுவரின் அடிப்பகுதியில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் துளை போட்டு, நீரை விரட்டும் சிலேன் க்ரீமைச் செலுத்துவார்கள். புது டிபிசி மாதிரி அது வேலை செய்யும். கறைக்கு ஒரு அடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட வேண்டும், உப்பு அதில்தான் இருக்கிறது. துளைக்கு மேலே வெளிமண் இருந்தால் இந்த வேலையும் பலிக்காது.

பொறுமையும் வேண்டும். ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது காய்வதற்கான பொதுக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். "பத்து நாள்ல முடிச்சுத் தரோம், லைஃப் டைம் கேரன்டி" என்பவரிடம் அந்தக் கேரன்டியை எழுத்தில் கேளுங்க.

ரோடு ரொம்பவே உயர்ந்துவிட்ட வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். சென்னையில் இது நடக்கிற வேலைதான். ஆனால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் பார்த்து எழுதிக்கொடுக்காமல் இறங்காதீங்க.

இதில் எதையும் இப்போது செய்ய முடியாது, வாடகை வீடு என்றால்கூட ஒன்றைத் தள்ளிப்போடாதீங்க. ஓதச் சுவரில் இருக்கிற ஸ்விட்ச் பாக்ஸ் ஷாக் அடிக்கலாம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்க. இல்லையென்றால் ஓனரிடம் சொல்லிப் போடச் சொல்லுங்க. அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரன்ட் கட் ஆக வேண்டும்.

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் சித்திரையில் பார்த்து முடிவு செய்யாமல், கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்க. பீரோவை நகர்த்தச் சொல்லுங்க. சுவரில் கீழ் நாலு அடி மட்டும் புது பெயின்டாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் ஏன் என்று கேளுங்க.