நோய் இரண்டு, நோயாளி ஒருவன்

திருப்பரங்குன்றத்து மலையடியில் வசிக்கும் ஒரு குடும்பத்திலே, அந்தி சாய்ந்தால் மதுவை நாடுகிறவனும், காதருகே யாரோ ஏசுவதாகச் சொல்லி இரவெல்லாம் உறங்காதிருப்பவனும் ஒரே பிள்ளையாக அமைந்துவிட்டால், அவனை அழைத்துக்கொண்டு புறப்படும் தாய்க்கு நேரும் அலைச்சல் மிகக் கொடிது. மனநோய்க்கு வைத்தியம் செய்யுமிடத்தில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். குடிமறப்பு விடுதியிலோ புத்தி தெளிந்த பிறகு வரச் சொல்வார்கள். மனவேதனை தாளாமல் குடிப்பதும், குடியினால் அவ்வேதனை மிகுவதுமாக இரண்டு வியாதிகளும் ஒன்றையொன்று வளர்ப்பதால், ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மட்டும் செய்யும் சிகிச்சையால் பிரயோஜனம் சொற்பமே.

2018 மே 29 முதல் அமலில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள்களின் துஷ்பிரயோகத்தோடு சேர்ந்த மனக்கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஆகையால் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை கோருவது அப்பிள்ளையின் உரிமை; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அது இலவசமும்கூட. குடிகாரன் என்று சொல்லித் திருப்பியனுப்புவது நியாயமன்று; அப்படித் திருப்பப்பட்டவனைக் கண்ட விடுதியில் விட்டுவிடுவதும் ஆபத்து. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில் ஏர்வாடி விடுதியொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்ட கோரத்தை நாம் மறக்கலாகாது. சங்கிலியிடுவதை இச்சட்டம் அறவே தடுக்கிறது. அடித்துத் திருத்துகிறோம் என்று விளம்பரம் செய்யும் விடுதியில் பிள்ளையை விடுமுன், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டிலே நடக்கும் ஒரு விபரீதத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். குடியை மறக்கடிக்கும் மாத்திரையை அவனறியாமல் குழம்பிலும் காப்பியிலும் கலந்து கொடுப்பவர்கள் அநேகர். அம்மாத்திரை டைசல்ஃபிராமாக இருந்து, அதன்மேல் அவன் குடித்தானானால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மனப்பிரமை உள்ளவனுக்கு அது அப்பிரமையை அதிகப்படுத்தவும் கூடும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவன் வைத்தியர் துணையின்றித் திடீரென நிறுத்தினாலும், இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிர் போவதுண்டு.

கட்டணமின்றி எந்நேரமும் ஆலோசனை பெற 14416 என்ற தொலைபேசி எண் உண்டு. சிகிச்சை மறுக்கப்பட்டால் மருத்துவமனைப் பொறுப்பாளரிடமும், அங்கே பரிகாரம் கிட்டாவிடில் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

பெரியாஸ்பத்திரிக்குச் செல்லும் தாய்மார்களே, பழைய ஓ.பி. சீட்டையும் தின்ற மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்; மானத்துக்கு அஞ்சிக் குடியை மறைக்காமல், இரண்டு நோயையும் சேர்த்தே வைத்தியரிடம் சொல்லுங்கள்.