கண்ணாடியில் மோதிய பறவைக்கு நாம் செய்யத்தக்க உதவி

பெங்களூரில் உள்ள எங்கள் கிளையின் முகப்பு முழுவதும் கண்ணாடியால் ஆனது. சாலையின் எதிர்ப்புறத்து மரங்களும் அவற்றின் மேலுள்ள வானமும் அதில் அப்படியே தெரியும். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு காலை வேளையில், அந்தக் கண்ணாடியில் ஏதோ மோதும் ஓசை கேட்டது. வெளியே சென்று பார்த்தபோது, படிக்கட்டில் ஒரு தேன்சிட்டு கிடந்தது. பத்து கிராம் எடைகூட இராது. மூச்சு இருந்தது, கண்கள் பாதி மூடியிருந்தன. இரக்கப்பட்ட நாங்கள் ஆளுக்கொன்று செய்தோம். ஒருவர் கையில் ஏந்தி வருடிக் கொடுத்தார். ஒருவர் மின்விசிறியின் கீழ் வைத்தார். ஒருவர் தேக்கரண்டியால் அலகில் நீர் வார்த்தார். சற்று நேரத்தில் அது இறந்துவிட்டது.

எங்கள் வாடிக்கையாளரான கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதைக் கூறினோம். “மோதிய அடியால் இறந்திருக்கலாம், நீங்கள் புகட்டிய நீராலும் இறந்திருக்கலாம்” என்றார் அவர். அந்தச் சொல் நெடுநாள் எங்களை உறுத்தியது. அதன் பின்னர் நாங்கள் கற்றறிந்தவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மோதுவது ஏன்?

கண்ணாடியை ஒரு தடையாகப் பறவைகள் உணர்வதில்லை. அதில் தெரியும் மரத்தை மரமென்றும் வானத்தை வானமென்றும் நம்பிப் பறந்து வருகின்றன. வலசைக் காலத்தில் ஆபத்து கூடுகிறது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்யும் ஆறுமணிக் குருவி, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பயணம் செய்யும் இப்பறவை, கட்டடங்களின் விளக்கொளியால் திசை தடுமாறி, களைத்துப்போய் நகரங்களில் விழுந்து கிடப்பதுண்டு.

முதலுதவி

மோதிய பறவை அசைவற்றுக் கிடப்பதாலேயே இறந்துவிட்டதாகக் கருத வேண்டாம். பெரும்பாலும் அது அதிர்ச்சியில் மயங்கியிருக்கும். காலணி வாங்கிய அட்டைப்பெட்டி போன்ற ஒன்றை எடுத்து, பக்கங்களில் சிறு துளைகள் இடுங்கள். பறவையை உள்ளே வைத்த பின் துளையிடுதல் கூடாது; அந்த ஓசையே அதனை அச்சுறுத்தும். அடியில் பருத்தித் துணியை விரியுங்கள். நூல் வளையங்கள் உள்ள துவாலை வேண்டாம், நகங்கள் சிக்கிக்கொள்ளும்.

பின்புறமாக நெருங்கி, மெல்லிய துணி ஒன்றைப் பறவையின் மேல் போர்த்தி, இறுக்காமல் எடுங்கள். நம்மைப்போல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைகளுக்கு இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு நடைபெறும். மார்பை அழுத்திப் பிடித்தால் மூச்சு நின்றுவிடும். பெட்டியை மூடி, வெயிலும் மின்விசிறிக் காற்றும் குளிர்சாதனமும் பூனையும் அணுகாத அமைதியான இடத்தில் வையுங்கள். பின்னர்ச் சோப்பிட்டுக் கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள்.

இதன் பிறகு நாம் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருத்தலே. இதுதான் மிகக் கடினம். நீரும் உணவும் புகட்ட வேண்டாம். பறவையின் மூச்சுக்குழல் வாய், நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் திறந்திருக்கிறது. நாம் வார்க்கும் நீர் நுரையீரலை அடையக்கூடும். வருடிக் கொடுப்பது நமக்கு அன்பு. சிறு பறவைக்கோ அது வேட்டை விலங்கின் பிடி. குழந்தைகளுக்குக் காட்டவும் படம் எடுக்கவும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம். இருளே அதற்கு மருந்து.

அரை மணிக்கு ஒருமுறை பெட்டியை வெளியே, மரங்களுக்கு அருகே எடுத்துச் சென்று திறந்து, சற்று விலகி நில்லுங்கள். அறைக்குள் திறந்தால், மீண்டும் கண்ணாடியில் மோத நேரிடும். பறக்கவில்லையெனில் மூடி வைத்துக் காத்திருங்கள். எந்நிலையிலும் பறவையை மேலே வீசிப் பறக்கவிட முயல வேண்டாம்.

மருத்துவர் எப்போது தேவை?

இறக்கை தொங்குதல், இரத்தக் கசிவு, கண் வீக்கம், நிற்க இயலாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பூனை கவ்வியிருந்தாலும், இரண்டு மணி நேரத்தில் தெளியாவிட்டாலும், கால்நடை மருத்துவரையோ வனத்துறையையோ மீட்பு அமைப்பையோ நாடுதல் வேண்டும். பெங்களூரில் கெங்கேரியில் ‘பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்’ அமைப்பின் வனவிலங்கு மருத்துவமனை உள்ளது. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே ஜைனர்கள் நடத்தும் பறவை மருத்துவமனை உள்ளது. ஒரே இடத்தில் பல பறவைகள் இறந்து கிடந்தால் தொடாமல், கால்நடைத் துறைக்குத் தெரிவியுங்கள்.

குணமான பறவையைக் கூண்டில் வளர்க்கும் எண்ணம் எழலாம். நம் நாட்டின் காட்டுப் பறவைகளைப் பிடித்து வைத்திருப்பதை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அது நம்மிடம் சிறிது நேரம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். உரிய இடத்தில் திருப்பித் தரவேண்டியது.

வருமுன் காத்தல்

கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 செ.மீ. இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ இட்டால், பறவைகள் விலகிச் செல்லும். கழுகு உருவம் ஒன்றை ஒட்டுவது மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் மோதும். உட்புறத் திரை பிரதிபலிப்பைத் தடுப்பதில்லை. வெளியே வலை கட்டுவதும் பயன் தரும். வலசைக் காலத்து இரவுகளில் தேவையற்ற விளக்குகளை அணைத்தல் நலம்.

அடுத்த ஆண்டு அக்டோபரில் எங்கள் படிக்கட்டில் ஓர் ஆறுமணிக் குருவி கிடந்தது. பச்சை முதுகு, தோளில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை. இந்தியில் இதனை ‘நவ்ரங்’, அதாவது ஒன்பது வண்ணம், என அழைப்பது ஏன் என்று அன்று விளங்கியது. பெட்டியில் இட்டுப் பதிவேட்டு அறையில் வைத்துவிட்டு, எங்கள் பணிகளைப் பார்க்கச் சென்றோம். சென்று பார்க்கலாமா என்று ஒருவரையொருவர் பலமுறை கேட்டுக்கொண்டோம்; எவரும் செல்லவில்லை. இரண்டாம் முறை கட்டடத்தின் பின்புறம் கொண்டுபோய்த் திறந்தபோது, அது விளிம்பில் ஏறி அமர்ந்தது. பின்னர்த் தாழப் பறந்து புதருக்குள் மறைந்தது.

மண்டல அலுவலகத்தின் அனுமதி பெற்று, எங்கள் முகப்புக் கண்ணாடியில் இப்போது வெண்கோடுகள் இட்டிருக்கிறோம். ஆயினும், பக்கங்களில் துளையிட்ட அந்தக் காலணிப் பெட்டி பதிவேட்டு அறையில் இன்னமும் ஆயத்தமாக இருக்கிறது.