மனப்பான்மையை அளக்க முடியுமா?

மாணவர்களே, வெப்பநிலையை வெப்பமானியால் அளக்கிறோம். நீளத்தை அளவுகோலால் அளக்கிறோம். மனிதர் மனத்தில் இருக்கும் பாரபட்சத்தை எதைக் கொண்டு அளப்பது?

தம் பாலினத்தைச் சேர்ந்தவர்மீதே காதல் ஈர்ப்பு கொண்டவர்களைத் தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்கிறோம். “அப்படிப்பட்ட ஒருவரை வேலைக்கு எடுப்பீர்களா?” என்று ஒரு மேலாளரைக் கேட்டுப் பாருங்கள். “திறமைதான் முக்கியம்” என்பார். அது உண்மையாக இருக்கலாம். நாகரிகத்துக்காகச் சொன்ன பதிலாகவும் இருக்கலாம். எனவே பேச்சை விட்டுவிட்டுச் செயலை அளக்க வேண்டும்.

சமூகவியல் ஆய்வாளர் ஆண்ட்ராஸ் டில்சிக் அதைத்தான் செய்தார். அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் வெளியான 1,769 வேலை விளம்பரங்களுக்கு அவர் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இரண்டு. இரண்டிலும் ஆண் பட்டதாரிகள். தகுதியும் ஏறக்குறைய சமம். ஒருவர் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான பல்கலைக்கழக மாணவர் அமைப்பில் பொருளாளராக இருந்தவர் என்று ஒரு விண்ணப்பம் சொன்னது. மற்றொன்றிலும் பொருளாளர் பதவி உண்டு; ஆனால் அது இடதுசாரி மாணவர் அமைப்பு ஒன்றில்.

ஏன் இன்னோர் அமைப்பு? அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தால், ஒருவருக்கு அனுபவம் கூடிவிடும். இடதுசாரி அமைப்பாக இருந்தது ஏன்? “அரசியல் ஈடுபாடு பிடிக்காததால் ஒதுக்கினோம்” என்ற காரணத்துக்கு இடமில்லாமல் போகும். எந்த விண்ணப்பத்தில் எந்த அமைப்பு இடம்பெற வேண்டும் என்பதும் நாணயம் சுண்டுவதுபோல் சமவாய்ப்பு முறையில் முடிவானது. நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு மாறியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறீர்களே, அதே விதிதான் இங்கும்.

2011ல் வெளியான முடிவைப் பாருங்கள். இடதுசாரி அமைப்பைக் குறிப்பிட்டவர்களில் 11.5 விழுக்காட்டினருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. மற்றவர்களுக்கு 7.2 விழுக்காடு. அதாவது, ஓர் அழைப்பைப் பெற முதலாமவர் சுமார் 9 விண்ணப்பங்கள் அனுப்ப வேண்டும். இரண்டாமவர் சுமார் 14 அனுப்ப வேண்டும். எந்த முதலாளியும் ஒரு கடுஞ்சொல்கூடப் பேசவில்லை. தொலைபேசி ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். தாம் ஒதுக்கப்பட்டது விண்ணப்பித்தவருக்கே தெரியாது.

இந்த ஆய்வுக்கு எல்லையும் உண்டு. அது ஆண்களை மட்டுமே, வேலைக்கான முதல் கட்டத்தை மட்டுமே அளந்தது. மாநிலத்துக்கு மாநிலம் இடைவெளியும் வேறுபட்டது. டெக்சஸ், புளோரிடா, ஒஹாயோவில் அது பெரிதாக இருந்தது. எனவே, இடம் மாறினால் மனப்பான்மையும் மாறும் என்று அறிகிறோம்.

விளையாட்டுத் திடலில் நிலைமை தலைகீழ். அங்கே கடுஞ்சொற்கள் தாராளமாகக் காதில் விழும். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதின்ம வயது ரக்பி வீரர்களை ஆராய்ந்தனர். தன்பாலின ஈர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் சொற்களைப் பேசுவதற்கும் மனத்தில் உள்ள வெறுப்புக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. அணியில் மற்றவர்கள் பேசுவதால் தாமும் பேசுவதே முக்கியக் காரணமாகத் தெரிந்தது.

அப்படியென்றால் அந்தச் சொற்களால் தீங்கில்லையா? உண்டு. கேட்பவருக்குப் பேசுபவரின் மனம் தெரியாது. சொல் மட்டுமே தெரியும். இங்கிலாந்தில் ஜஸ்டின் ஃபஷானு என்ற காற்பந்து வீரர் 1990ல் தாம் தன்பாலின ஈர்ப்பாளர் என்று அறிவித்தார். விளையாடிக்கொண்டிருக்கும் இன்னோர் ஆண் தொழில்முறை வீரர் அங்கே அப்படி வெளிப்படையாகச் சொல்ல 32 ஆண்டுகள் ஆயின. 2022 மே மாதம் அதைச் சொன்ன பிளாக்பூல் குழுவின் ஜேக் டேனியல்ஸுக்கு அப்போது வயது 17. இளவரசர் வில்லியம் உட்படப் பலர் அவரைப் பாராட்டினர். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பேர் சொல்லாமலே விளையாடி ஓய்வுபெற்றார்களோ, அதை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

அலுவலகத்தில் இனிய சொல் பாரபட்சத்தை மறைக்கலாம். திடலில் கடுஞ்சொல் நட்பை மறைக்கலாம். முதலாவதைச் சரிசெய்ய நிறுவனங்கள் தங்கள் தேர்வு முறையை ஆராய வேண்டும். இரண்டாவதற்கு அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. எல்லாரும் பேசுவதால்தான் ஒரு சொல் பரவுகிறது என்றால், அணியில் ஒருவர் நிறுத்தினாலே அந்த “எல்லாரும்” குறையத் தொடங்கும். அடுத்த பயிற்சியின்போது அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.