உள்ளிணைப்பும் அதற்குரிய கருவியும்



இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் பெயரளவிற் புதியது, கருத்தளவிற் பழையது. ஒரு வலைத்தளத்தின் பக்கங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் உள்ளிணைப்புக்களைப் பற்றியும், அவற்றை அமைக்கத் துணைசெய்யும் கருவிகளைத் தேர்ந்துகொள்ளும் வகையைப் பற்றியும் சில சொல்லக் கருதுகின்றேன். பாடசாலைகளும், பழைய மாணவர் சங்கங்களும், ஆலயங்களும், சனசமூக நிலையங்களும் தத்தமக்கென வலைத்தளம் அமைத்துக்கொள்ளும் காலம் இது. பொருளும் உழைப்பும் செலவிட்டு எழுதிய பக்கங்கள் தேடுவோர் கைக்கு எட்டாமற் கிடக்குமாயின், அவை எழுதப்படாதவற்றின் வேறல்ல. ஆதலின் இப்பொருள் கணினி வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று. எழுதுவோர் அனைவர்க்கும் உரியது.

உள்ளிணைப்பு என்பது யாது? ஒரு தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து அதே தளத்தின் வேறொரு பக்கத்துக்குச் செல்லும் வழியே உள்ளிணைப்பு. இதனை விளக்க எங்கள் தீவகத்தைக் காட்டிலும் நல்ல உவமை வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே வேலணைத்தீவை அடைகின்றோம். வேலணையும், சுருவிலும், ஊர்காவற்றுறையும் அத்தீவின்கண் உள்ளவை, தரைவழியே சென்றடையலாம். அங்கிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. புங்குடுதீவின் குறிகட்டுவானில் தெரு முடிந்துவிடுகின்றது. அப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லப் படகே துணை.

தேடுபொறி அனுப்பும் ஊர்வி என்னும் நிரலானது தெருவழியே மட்டும் நடக்கும் பயணியை ஒத்தது. அது ஒரு பக்கத்தைப் படித்து, அதிலுள்ள இணைப்புக்களைப் பின்பற்றி அடுத்த பக்கங்களுக்குச் செல்கின்றது. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத பக்கம் தாம்போதி இல்லாத தீவாகும். அதனை அநாதைப் பக்கம் என்பர். தளத்தின் பக்கங்களையெல்லாம் அட்டவணைப்படுத்திய தளப்படம் ஒன்றைத் தேடுபொறிக்கு அளித்தல் கூடும் என்பது உண்மையே. ஆயினும் அவ்வட்டவணை, தீவு உண்டு என்பதை அறிவிக்குமேயன்றி, அத்தீவு எவற்றோடு உறவுடையது, எத்துணைச் சிறப்புடையது என்பனவற்றை அறிவிக்கமாட்டாது.

சிறப்பை அறிவிப்பதும் இணைப்பேயாம். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து மாணவராயிருந்த லரி பேஜ், சேர்ஜி பிறின் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வுரையே கூகிள் தேடுபொறிக்கு அடித்தளமாயிற்று. பல பக்கங்களால், அவற்றுள்ளும் மதிப்புடைய பக்கங்களால், சுட்டப்படும் பக்கம் மதிப்புடையது என்பதே அவர்கள் கண்ட நெறி. இன்று தேடுபொறி வேறு பல குறிகளையும் நோக்குகின்றதெனினும், இணைப்பின் பயன் அற்றுவிடவில்லை.

இணைப்பைத் தாங்கும் சொல்லும் முக்கியமானது. “இங்கே சொடுக்குக” என்று எழுதி இணைத்தால், சுட்டப்படும் பக்கம் எதைப் பற்றியது என்பது வாசகனுக்கும் விளங்காது, தேடுபொறிக்கும் விளங்காது. “நெடுந்தீவின் ஒல்லாந்தர் காலக் கட்டடங்கள்” என்று எழுதி இணைத்தால் இருவர்க்கும் விளங்கும். கைகாட்டி மரத்தில் ஊரின் பெயரை எழுதாமல் “இந்தப் பக்கம்” என்று மட்டும் எழுதி நட்டுவைப்பார் உண்டோ?

தமிழில் இந்நெறி நன்கு கையாளப்பட்ட இடங்கள் உள. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பேணும் பொருட்டு 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின்மேல் இயங்குகின்றன. அதில் ஒரு சொல்லை இரட்டைப் பகர அடைப்புக்குள் இட்டால் அதுவே இணைப்பாகின்றது. அப்பெயரிற் பக்கம் உண்டேல் இணைப்பு நீல நிறமாயும், இல்லையேற் சிவப்பு நிறமாயும் தோன்றும். சிவப்பு நிறம், இன்னும் எழுதப்படவேண்டியது எது என்பதை எல்லார்க்கும் உணர்த்துகின்றது. ஒரு பக்கத்தை எவையெவை சுட்டுகின்றன என்று காட்டும் வசதியும், எதனாலும் சுட்டப்படாத பக்கங்களைத் தொகுத்துக் காட்டும் வசதியும் அதனுள்ளேயே அமைந்துள்ளன. இத்தகைய மென்பொருளைக் கையாளுவோர் வேறு கருவி தேடுமுன், கையிலுள்ளதை முற்றப் பயன்படுத்துதல் வேண்டும்.

ஏனையோர்க்கு வேண்டும் கருவிகளை மூவகையாகப் பகுக்கலாம். முதலாவது வகை, தணிக்கை செய்வது. தளம் முழுவதையும் தானே நடந்து பார்த்து, அறுந்த இணைப்பு எது, ஆழத்திற் புதைந்த பக்கம் எது என்று பட்டியலிடும். ஸ்கிரீமிங் புறொக் என்னும் கருவி இவ்வகையினது. 500 முகவரிகள் வரை பணமின்றியே நடந்து பார்க்கின்றது. ஒரு பாடசாலைத் தளத்துக்கு அது பெரும்பாலும் போதும். கூகிள் சேர்ச் கொன்சோல் என்னும் இலவச வசதியும், எப்பக்கம் எத்தனை உள்ளிணைப்புக்களைப் பெற்றுள்ளது என்பதைக் காட்டுகின்றது.

இரண்டாவது வகை, ஆலோசனை கூறுவது. நாம் எழுதும்போதே, “இதனோடு தொடர்புடைய பக்கங்கள் இவை” என்று காட்டி, ஏற்பதையும் தள்ளுவதையும் நம்மிடமே விட்டுவிடும். வேர்ட்பிரஸ் தளங்களுக்குரிய யோஸ்ட் என்னும் செருகியின் கட்டணப் பதிப்பும், லிங்க் விஸ்பர் என்னும் செருகியும் இப்பணியைச் செய்வன. மூன்றாவது வகை, தானே இணைப்பது. ஒரு சொல்லையும் ஒரு முகவரியையும் கொடுத்துவிட்டால், அச்சொல் வருமிடங்களிலெல்லாம் அதுவே இணைப்பிட்டுவிடும்.

இங்கேதான் தமிழருக்குரிய இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயர் எங்கு வரினும் பெரும்பாலும் ஒரே வடிவில் நிற்கும். தமிழிலோ வேற்றுமை ஏற்கும்போது சொல்லின் வடிவே மாறும். “யாழ்ப்பாணம்” என்னும் பெயர் “இல்” உருபை ஏற்கும்போது மகரங் கெட்டு அத்துச் சாரியை பெற்று “யாழ்ப்பாணத்தில்” என்றாகின்றது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவி, “யாழ்ப்பாணம்” என்பதைத் தேடி, “யாழ்ப்பாணத்தில்” என்பதைக் கண்டும் காணாதது போலச் சென்றுவிடும். சொல்லைக் குறைத்து “யாழ்” என்று கொடுத்தாலோ, பண்டைய இசைக்கருவியைப் பற்றிய கட்டுரையிலும் நகரத்துக்கு வழிகாட்டிவிடும். “தீவு” என்று கொடுத்தால் மண்டைதீவும், நயினாதீவும், அனலைதீவும் ஒருங்கே அகப்பட்டுக்கொள்ளும்.

பெயர் வேறுபாடு மற்றோர் இடர். ஊர்காவற்றுறையை ஊர்காவற்துறை என்று எழுதுவாரும் உளர். கயிற்ஸ் என்பாரும் உளர். வேலணைத்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் லைடன், நெடுந்தீவுக்கு டெல்வ்ற். இவையெல்லாம் ஒன்றையே குறிப்பன என்பதைக் கருவி தானே அறியாது. நாம் அறிவித்தல் வேண்டும். ஒரு பெயரைத் தலைமைப் பெயராகக் கொண்டு, ஏனையவற்றை அதற்கு வழிமாற்றிவிடுதல் தக்க முறையாகும்.

ஆதலின் கருவி வாங்க எண்ணுவோர் ஐந்து வினாக்களை எழுப்புதல் நன்று. நமது தளத்தின் அளவு யாது? ஐம்பது பக்கங்களாயின் ஒரு கொப்பியும் பென்சிலுமே போதிய கருவியாகும். கருவி தமிழை அறியுமோ? நமது பக்கம் ஒன்றைக் கொடுத்து, உருபேற்ற சொற்களுள் எத்தனையைக் கண்டுபிடிக்கின்றது என்று எண்ணிப் பார்த்தபின்பே பணம் செலுத்துக. ஆலோசனை கூறுகின்றதோ, கேளாமலே செய்துவிடுகின்றதோ? முன்னதே விரும்பத்தக்கது. கருவியை நீக்கினால் இணைப்புக்கள் எஞ்சுமோ? சில கருவிகள் இணைப்பைப் பக்கத்தில் நிலையாக எழுதுவன. சில காட்சியின்போது மட்டும் இட்டுக் காட்டுவன. பின்னவற்றை நீக்கிய அன்றே இணைப்புக்களும் மறைந்துவிடும். இறுதியாக, சந்தாவை ஆண்டுதோறும் செலுத்துவார் யார்? சங்கத்தின் செயலாளர் மாறும்போது கருவியும் கைவிடப்படுமாயின், அது வாங்காமையே நன்று.

எந்தக் கருவியாயினும் அளவு கடத்தல் ஆகாது. ஒரு பந்தியில் ஒரே சொல்லை ஐந்திடத்தில் இணைப்பது வாசகனை அலைக்கழிப்பதாகும். முதன்முறை வரும் இடத்தில், வாசகன் மேலும் அறிய விரும்பக்கூடிய இடத்தில், ஓர் இணைப்பு அமையுமாயின் அதுவே போதும்.

நூலகத்துறையில் உலகப் புகழ் பெற்ற சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள், ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனை அடைதல் வேண்டும் என்னும் கருத்தும், வாசகனின் நேரம் வீணாகலாகாது என்னும் கருத்தும் அமைந்துள்ளன. நூற்பட்டியலில் “இதனையும் காண்க” என்று நூலகர் இடும் குறிப்பே இன்று உள்ளிணைப்பாய் உருமாறியுள்ளது.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990ஆம் ஆண்டின் பின்னர்த் தீவகத்து மக்கள் பெருந்தொகையினராய் இடம்பெயர்ந்தபோது, வீடுகளிலிருந்த ஏடுகளும் பதிவுகளும் நிழற்படங்களும் அழிந்தும் சிதறியும் போயின. எஞ்சியவற்றையே இன்று பலர் வலைத்தளங்களில் ஏற்றி வருகின்றனர். கடல்கடந்த நாட்டிலிருந்து தன் பாட்டனாரின் ஊர்ப்பெயரைத் தேடுபொறியில் எழுதும் இளைஞனுக்கு அப்பக்கம் தென்படாதாயின், தீயிலிருந்து தப்பியதை நாமே மறைத்துவைத்தவராவோம். புதிய பக்கம் ஒன்றை ஏற்றும்போதெல்லாம், அதற்கு வழிகாட்டத்தக்க பழைய பக்கங்கள் இரண்டு மூன்றைத் தேடி அவற்றில் இணைப்பிடுதல் சில நிமிட வேலையே. அதனை வழக்கமாக்கிக்கொண்டோர்க்குக் கருவி உதவும்; வழக்கமாக்கிக்கொள்ளாதோர்க்கு எக்கருவியும் உதவாது.