பரணில் தூங்கும் விலையில்லா லேப்டாப்... டிவியில் மாட்டினால் வேலை செய்யுமா?

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பல வீடுகளின் பரணில் இந்த மூன்றும் கிடக்கும்: கல்யாண டிவிடி ஒரு கட்டு, போட்டோ நிறைந்த பழைய ஹார்ட் டிஸ்க், அப்புறம் அரசு கொடுத்த லேப்டாப்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது. தொடங்கிவைத்த அன்றைய முதல்வர் ஜெயலலிதா, அப்போது ஸ்ரீரங்கம் தொகுதி எம்.எல்.ஏ. எல்காட் மூலம் வாங்கப்பட்ட அந்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. அன்று பிளஸ் டூ படித்தவர்கள் இன்று வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப்? பேட்டரி செத்து மூலையில் கிடக்கிறது.

அதை டிவியோடு இணைத்து வீட்டுக்கு ஒரு மீடியா கம்ப்யூட்டர் ஆக்க முடியுமா? முடியும். ஆனால் எல்லா வீட்டுக்கும் அது தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

ஸ்மார்ட் டிவிதான் இருக்கே, அப்புறம் எதுக்கு?

ஓடிடி மட்டும்தான் பார்ப்பீர்கள் என்றால், இது வேண்டாம். ஒரு பிராண்டட் ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். காரணம், ஓடிடி நிறுவனங்கள் காப்பி அடிப்பதைத் தடுக்க 'டிஆர்எம்' என்ற பூட்டு போட்டிருக்கின்றன. கம்ப்யூட்டர் பிரவுசரில், அதிலும் லினக்ஸில், பல தளங்கள் படத்தின் தரத்தைக் குறைத்தே காட்டும். நீங்கள் 4கே பேக்குக்குப் பணம் கட்டியிருந்தாலும் அதே கதைதான்.

மீடியா கம்ப்யூட்டர் உதவுவது வேறு இடத்தில். உங்கள் சொந்த வீடியோ, போட்டோ, பாட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, ஹாலில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்கலாம். டிவி வாங்கி ஆறேழு வருஷமாகி, ஆப் அப்டேட் நின்றுபோயிருந்தாலும் கைகொடுக்கும்.

மலிவு பாக்ஸ் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே?

'எல்லா சேனலும் இலவசம்' என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்கள் சல்லிசாகக் கிடைக்கின்றன. இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

டி95 என்ற பெயரில் ஆன்லைனில் விற்ற பெட்டியில், பிரிக்கும்போதே மால்வேர் இருந்ததை 2023 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த ஒருவர் வெளிப்படுத்தினார். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, 'பேட்பாக்ஸ் 2.0' பற்றிப் பொதுமக்களை எச்சரித்தது. இதில் சிக்கிய சாதனங்கள் 10 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் இதுபோன்ற மலிவு ஆண்ட்ராய்டு கருவிகள்தான்.

படம் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடும். பின்னால், உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பை வேறு யாரோ வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள். அதன் வழியாக மோசடி நடந்தால், விசாரணையில் முதலில் தெரிவது உங்கள் வீட்டு ஐபி முகவரி. பாக்ஸ்தான் வேண்டும் என்றால், கூகுளின் 'ப்ளே ப்ரொடெக்ட்' சான்று பெற்றதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, என்னென்ன வழி இருக்கு?

*1. பழைய லேப்டாப்:* செலவு மிகக் குறைவு. எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதா பாருங்கள். விஜிஏ மட்டும்தான் என்றால் படம் மட்டுமே போகும், சத்தத்துக்குத் தனி ஒயர் வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே போடாதீர்கள், கடையில் கொடுத்துக் கழற்றிவிடுங்கள். பல லேப்டாப்கள் பேட்டரி இல்லாமலே அடாப்டரில் ஓடும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போட்டால் வேகம் நன்றாகவே கூடும்.

*2. ரீஃபர்பிஷ்டு மினி பிசி:* விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல் 7-ம் தலைமுறை வரையிலான பிராசசர்களில் ஏறக்குறைய எதுவும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் குட்டி பிசிக்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. விலை உத்தேசமாக 8,000 முதல் 13,000 ரூபாய். லினக்ஸ் போடப்போகிற உங்களுக்கு விண்டோஸ் 11 பற்றிக் கவலையில்லை.

*3. ராஸ்பெர்ரி பை 4:* உள்ளங்கை அளவு போர்டு. சத்தமே இல்லாதது. பவர் அடாப்டர், கேஸ், மெமரி கார்டு எல்லாம் தனியாக வாங்க வேண்டும். இதிலிருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ என்பதால் கேபிளும் வேறு. எல்லாம் கூட்டிப் பார்த்தால் மினி பிசி விலையை நெருங்கலாம்.

எந்த பிராசசர்? இதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்

ஐபோன் 2017 முதல் வீடியோவை 'எச்.265' என்ற முறையில் சுருக்கிச் சேமிக்கிறது. இன்று பல ஆண்ட்ராய்டு போன்களும் அப்படித்தான். பிராசசருக்குள் இதை விரிப்பதற்கென்று தனிப் பகுதி இருந்தால் வீடியோ அலுங்காமல் ஓடும். இல்லையென்றால் மொத்த பாரமும் பிராசசர் மேல் விழுந்து, படம் திக்கித் திக்கிப் போகும்.

இன்டெல்லில் 6-ம் தலைமுறையிலிருந்து எச்.265 ஓடும். எச்டிஆர் வீடியோக்களில் வரும் 10-பிட் வகைக்கு 7-ம் தலைமுறை வேண்டும். 2011 காலத்து லேப்டாப்பில் பழைய எச்.264 ஃபுல் எச்டி வரைதான் நம்பலாம். பை 4-ல் எச்.265 4கே-யும் ஓடும்.

கடையில் நிற்கும்போது...

சிங்காரத்தோப்புப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறீர்களா? ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். அடாப்டர் கூடவே வருகிறதா பாருங்கள். முக்கியமாக, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல ஆபீஸ் மினி பிசிக்களில் எச்டிஎம்ஐ இருக்காது, டிஸ்ப்ளே போர்ட்தான் இருக்கும். கன்வெர்ட்டருக்குத் தனிச் செலவு.

என்ன சாஃப்ட்வேர்?

'கோடி' போதும், இலவசம். எக்ஸ்பாக்ஸுக்காகப் பிறந்து, எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் இருந்து, 2014-ல் கோடி ஆனது. தமிழ் மொழியும் உண்டு. பை-யில் கோடியை மட்டுமே ஓட்டும் 'லிப்ரெஎலெக்' போடலாம். லேப்டாப், மினி பிசி என்றால் லினக்ஸ் மின்ட் போட்டு அதில் கோடியை இன்ஸ்டால் செய்யலாம். திருட்டுப் படம் காட்டும் ஆட்-ஆன்கள் பக்கம் போகாதீர்கள். சட்டச் சிக்கலும் உண்டு, மால்வேரும் உண்டு.

பாட்டிக்கு ரிமோட் எப்படி?

பை-யில் 'சிஇசி' வசதி இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட் வேலை செய்யும். பெரும்பாலான பிசி, லேப்டாப்களில் இது கிடையாது. அதற்கு ஒரு சின்ன வயர்லெஸ் ரிமோட் வாங்கலாம், அல்லது போனில் கோடியின் 'கோர்' ஆப். வீட்டில் பெரியவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள் என்றால், இந்த ஒரு காரணத்துக்காகவே பை-யைத் தேர்ந்தெடுக்கலாம்.

வெயில், சுவர், கரண்ட்

ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகள் குறுகலாக, நீளமாக, கனமான சுவரோடு இருக்கும். வாசல் அறையில் இருக்கும் வைஃபை, இரண்டாம் கட்டுக்கு வருவதற்குள் சோர்ந்துவிடும். ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். மே மாத வெயிலில் மூடிய டிவி அலமாரிக்குள் பெட்டியை வைக்காதீர்கள்.

கரண்ட் பில்? மினி பிசி 15 வாட் எடுத்து தினம் 5 மணி நேரம் ஓடினால், 2 மாத பில்லில் 4.5 யூனிட்தான். பழைய டெஸ்க்டாப் 60 வாட் எடுத்தால் 18 யூனிட்.

முதல் வேலை எது?

பெட்டி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கல்யாண வீடியோ பதிந்த டிவிடி காலத்துக்கும் நிற்காது. அதன் சாயப் படலம் சூட்டிலும் வெளிச்சத்திலும் மெல்ல மங்கும். ஒருநாள் போட்டால் 'நோ டிஸ்க்' என்று வரும். தாத்தா நடந்ததும் பேசியதும் அந்த ஒரு தட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அன்றோடு போச்சு.

யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கியாவது, 'வீடியோ_டிஎஸ்' ஃபோல்டரை அப்படியே காப்பி எடுங்கள். கோடியில் அது நேரடியாக ஓடும். இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று இந்தப் பெட்டியில், இன்னொன்று வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ. பெட்டியை அடுத்த மாதம் சம்பளத்தில்கூட வாங்கிக்கொள்ளலாம். காப்பியை இந்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவிடுங்கள்.