சக்கரத்துக்குள் ஒரு ரப்பர் வளையம்

மேற்கு வங்க மாநிலத்தில் டார்ஜிலிங் மாவட்டம் இருக்கிறது. அங்கே நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சங் என்று ஒரு மலை ஊர். அந்த ஊரிலிருந்து சந்தக்பு என்ற உச்சிக்கு ஒரு பாதை ஏறுகிறது. தூரம் சுமார் 31 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றம் கடுமையானது. சந்தக்புவின் உயரம் 3636 மீட்டர். மேற்கு வங்கத்தில் அதைவிட உயரமான இடம் கிடையாது.

இந்தப் பாதையில் பல பத்தாண்டுகளாக லேண்ட் ரோவர் வண்டிகள் ஓடி வந்திருக்கின்றன. பிரிட்டனில் செய்த வண்டிகள் இவை. 1950களில் செய்தவையும் உண்டு. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். பிறகு அவை உள்ளூர்க்காரர்கள் கைக்கு வந்தன. பயணிகளும் மூட்டைகளும் அவற்றில்தான் மேலே போனார்கள். வண்டி ஓடினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே ஓட்டுநரே மெக்கானிக். வீட்டு வாசலே பட்டறை.

அந்த வாசலில் நடக்கும் வேலைகளில் ஒன்று, முன் அச்சின் ஆயில் சீலை மாற்றுவது.

ஆயில் சீல் என்றால் என்ன? ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். எண்ணெய் வெளியே வராது. தூசி உள்ளே போகாது. சீலும் இதையே செய்கிறது. அது ஒரு ரப்பர் வளையம். அதன் உள் ஓரம் உதடு போல மெல்லியதாக இருக்கும். உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஜாடி அசையாமல் நிற்கும். இங்கேயோ இரும்பு சுழல்கிறது, திரும்புகிறது. அதனால் உதடு நாளடைவில் தேய்கிறது.

லேண்ட் ரோவரில் நான்கு சக்கரங்களும் வண்டியை இழுக்கும். முன் சக்கரம் சுழலவும் வேண்டும். இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். இதற்காக அச்சின் இரு முனைகளிலும் வழவழப்பான ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதன் மேல் ஒரு கூடு பொருந்தித் திரும்புகிறது. கூட்டுக்குள் கெட்டியான கியர் ஆயில். உருண்டையைச் சுற்றி ஒரு பெரிய சீல். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் இன்னொரு சீல். அச்சுக்கு உள்ளே மூன்றாவது சீல்.

எது போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உருண்டையும் கூட்டின் அடிப்பக்கமும் எண்ணெயில் நனைந்திருந்தால் பெரிய சீல். பிரேக் டிரம்முக்குள் கியர் ஆயில் இருந்தால் ஹப் சீல். நடு அச்சில் ஆயில் குறைந்து, கூட்டில் அளவுக்கு மேல் நிறைந்திருந்தால் உள் சீல். கசிவது தண்ணீர் போல நீர்த்து, பெயிண்டை உரித்தால் அது கியர் ஆயில் அல்ல. பிரேக் ஆயில். அப்போது பார்க்க வேண்டிய இடமே வேறு.

ஹப் சீல் கசிவைத்தான் மிகவும் பயப்பட வேண்டும். எண்ணெய் பிரேக் ஷூவில் படும். ஷூ வழுக்கும். ஒரு பக்கச் சக்கரம் பிடிக்கும், மறு பக்கம் பிடிக்காது. பிரேக்கை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சந்தக்புவிலிருந்து இறங்கும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. வெளிப்பக்கம் பள்ளம். அந்த இழுப்பு ஓர் ஆளின் உயிருக்கு மேல். வண்டியில் இருக்கும் எல்லார் உயிரும் அதில் இருக்கிறது. எண்ணெய் குடித்த ஷூவைப் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. அதை நம்பக் கூடாது. ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி மேலே வரும். புது ஷூ போடுவதே சரி. போடும்போது இரு பக்கமும் சேர்த்துப் போட வேண்டும்.

இனி வேலை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கிய பிறகு அச்சின் கீழே உறுதியான தாங்கி வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் கை விடக் கூடாது. செங்கல்லும் ஆகாது, பாரத்தில் சிதறும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதக் கூடாது. பழைய ஷூக்களில் கல்நார் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

ஹப் சீல் என்றால் சக்கரம், டிரம், ஹப் ஆகியவற்றைக் கழற்றினால் சீல் கைக்கு வரும். பெரிய சீல் என்றால் வேலை அதிகம். ஸ்டியரிங் கம்பியைப் பிரித்து, உருண்டையை அச்சிலிருந்து கழற்றி, மொத்தமாக வெளியே எடுக்க வேண்டும். கனம் அதிகம்; இரண்டு பேர் வேண்டும். பிரேக் குழாயைக் கழற்றினால் பிறகு பிரேக்கில் காற்று எடுக்க மறக்கக் கூடாது. இத்தனை வேலைக்குச் சலித்து, புது சீலைக் கத்தியால் வெட்டி உருண்டையைச் சுற்றி மாட்டுகிறவர்களும் உண்டு. ஒரு நாள் மிச்சமாகும். வெட்டிய வாயே பிறகு கசிகிற வாயாகும்.

புது சீல் வாங்கும்போது பழையதையும் கடைக்குக் கொண்டுபோவது நல்லது. சீலின் மேல் பெரும்பாலும் எண்கள் இருக்கும். 35, 52, 7 என்று இருந்தால், உள் விட்டம் 35 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, கனம் 7 என்று பொருள். அந்த எண்களைத் தானே படிக்கத் தெரிந்தவரிடம் கடைக்காரர் வேறு அளவைத் தள்ள முடியாது.

சீல் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். ஒரு மணல் துகள் போதும், உதட்டைக் கிழிக்க. உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவ வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயில் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். பிறகு மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்ட வேண்டும். ஒரே பக்கம் அடித்தால் சீல் கோணிக்கொள்ளும்.

புது சீலும் சீக்கிரமே கசிந்தால்? கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். உருண்டை துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறதா? நகத்தால் வருடினால் தெரியும். சக்கரத்தின் பேரிங் ஆடுகிறதா? ஆடினால் உதடு அடிபடும். மூன்றாவது, அச்சின் மேல் உள்ள சிறிய காற்றுத் துளை. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஏற்றத்தில் அச்சு சூடாகும். உள்ளே காற்று விரியும். துளை சேற்றில் அடைத்திருந்தால் அந்தக் காற்று ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் எதிர்மாறாக நடக்கும். காற்று சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயில் மோர் போல வெளுத்துப் போகும். ஒரு கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் ஆகாது.

வடித்த பழைய ஆயிலை ஓடையில் கொட்டக் கூடாது. கீழே இருக்கும் ஊர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிறவரிடம் கொடுக்கலாம்.

எல்லாம் பூட்டிய பிறகு புது ஆயில் ஊற்றி, சமதரையில் மெதுவாக ஓட்டிப் பிரேக்கைச் சோதிக்க வேண்டும். தேதி, கிலோமீட்டர், சீல் எண் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை கடையில் உதவும். இரவு சக்கரத்தின் கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்து வைக்கலாம். காலையில் தாள் காய்ந்திருந்தால் வண்டி மலை ஏறலாம். கறை இருந்தால் அன்று பயணிகளை ஏற்றக் கூடாது. மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும்.