பௌர்ணமியும் பினாங்குக் கடலும்

பினாங்கில் எந்த இனத்தவரின் நாட்காட்டியைப் புரட்டினாலும் அதில் நிலவு இருக்கிறது. தைப்பூசம் முழுநிலவை ஒட்டி வருகிறது. தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் ஆலயத்தின் மாசி மகத் தெப்பம் கடலில் மிதப்பதும் பௌர்ணமியை ஒட்டித்தான். சீனர்களின் புத்தாண்டு அமாவாசையில் பிறந்து, பதினைந்தாம் இரவான சாப் கோ மேயில் முழுநிலவோடு நிறைவு பெறுகிறது. முஸ்லிம் அன்பர்கள் நோன்பைத் தொடங்கவும் முடிக்கவும் மேற்கு வானில் பிறையைத் தேடுகிறார்கள். அதற்கென்றே பந்தாய் ஆச்சேயில் ஷேக் தாஹிர் வானாய்வு மையம் கடலைப் பார்த்தபடி நிற்கிறது.

இப்படி நிலவோடு இவ்வளவு நெருங்கி வாழும் ஊரில், நிலவு ஏன் வளர்ந்து தேய்கிறது என்று கேட்டால் வரும் பதில் என்ன? "பூமியின் நிழல் அதன் மேல் விழுகிறது" என்பார்கள் பலர். படித்தவர்களும் இப்படிச் சொல்வதுண்டு. இது தவறு. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. மாதந்தோறும் நாம் காணும் வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் நிழலோடு எந்தத் தொடர்பும் இல்லை.

நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரியன் அதன் ஒரு பாதியை எப்போதும் ஒளியூட்டிக் கொண்டே இருக்கிறது. அந்த ஒளிபெற்ற பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதே நாம் காணும் பிறையின் அளவு. இதை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. பௌர்ணமி மாலை ஏழு மணி வாக்கில் பட்டர்வொர்த் செல்லும் பெர்ரியில் ஏறினாலே போதும். ஒரு பக்கம் கொடிமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும். எதிர்ப்பக்கம் பெருநிலத்தின் மேல் நிலவு எழும். நடுவில் நாம். நமக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் நேராக நிலவின் முகத்தில் படுகிறது. அதனால் முழுவட்டம் தெரிகிறது. அமாவாசையன்றோ நிலவு சூரியன் இருக்கும் திசையிலேயே நிற்கிறது. ஒளிபெற்ற பாதி அந்தப் பக்கம், இருண்ட பாதி நம் பக்கம்.

நிலவு பூமியை ஒருமுறை சுற்ற 27.3 நாள் ஆகிறது. அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிச் சற்று நகர்ந்து விடுவதால், ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே 29.5 நாள் செல்கிறது. இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். மேல்நாட்டுப் புத்தகங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். பினாங்கிலோ அது பெரும்பாலும் தோணிபோல் மல்லாந்து கிடக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சூரியனும் நிலவும் அடிவானத்தில் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குகின்றன. பிறையின் ஒளிமிக்க விளிம்பு சூரியன் மறைந்த பக்கம், அதாவது கீழ்ப்பக்கம், திரும்பியிருக்கிறது.

அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியிலும் சந்திர கிரகணமும், ஒவ்வொரு அமாவாசையிலும் சூரிய கிரகணமும் வரவேண்டுமே? வருவதில்லை. காரணம், நிலவின் பாதை பூமியின் பாதையோடு சுமார் 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிலவு பூமியின் நிழலுக்கு மேலாகவோ கீழாகவோ தப்பிச் சென்று விடுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு அருகில் பௌர்ணமியோ அமாவாசையோ நேர்ந்தால்தான் கிரகணம். அந்த இரு புள்ளிகளையே நம் பஞ்சாங்கம் ராகு, கேது என்கிறது. பாம்பு விழுங்குகிறது என்ற கதை ஒருபுறம் இருக்க, கிரகணம் நிழலால் ஏற்படுவது என்று ஆரியபட்டர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதிய தம் நூலிலேயே சொல்லி விட்டார்.

2022 நவம்பர் 8 அன்று பினாங்கில் நிலவு எழும்போதே முழுக் கிரகணத்தில் இருந்தது. 2025 செப்டம்பர் 8 அதிகாலை 1.30 மணி முதல் ஏறக்குறைய 82 நிமிடம் நிலவு முழுவதுமாகப் பூமியின் நிழலில் கிடந்தது. அப்போது அது செந்நிறம் கொள்வதற்குக் காரணம், பூமியின் காற்றுமண்டலம் சூரிய ஒளியின் சிவப்பை மட்டும் வளைத்து அதன் மேல் விழச் செய்வதுதான். சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் எந்தக் கேடும் இல்லை. சூரிய கிரகணம் அப்படியல்ல. பழைய எக்ஸ்ரே படத்தையும் கரிபிடித்த கண்ணாடியையும் நம்பிப் பார்ப்பது கண்ணைக் கெடுக்கும்.

இனி கடலுக்கு வருவோம். வெல்ட் குவேயில் சியூ ஜெட்டியின் வீடுகள் கால்நட்டு நீரின் மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் பலகைகளுக்குக் கீழே அலையடித்த இடத்தில் சில மணி நேரம் கழித்துச் சேறு தெரியும், படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்று நாம் அன்றாடம் சொல்லும் இந்த ஏற்றமும் வற்றமும் பினாங்கில் நாளுக்கு இரண்டு முறை நிகழ்கின்றன.

நிலவு நீரை இழுக்கிறது என்று பொதுவாகச் சொல்லி விடுகிறோம். அப்படியென்றால் நாளுக்கு ஒரு ஏற்றம்தானே வரவேண்டும்? இரண்டு ஏன்? நிலவின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை. நிலவை நோக்கிய பக்கத்துக் கடலை அது பூமியின் மையத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இழுக்கிறது. மறுபக்கத்துக் கடலை மையத்தைவிடச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. அதனால் அந்தப் பக்கத்து நீர் பின்தங்கி நிற்கிறது. இப்படி இருபுறமும் நீர் புடைக்கிறது. பூமி சுழலும்போது ஒரே நாளில் நாம் இரண்டு புடைப்புகளையும் கடந்து செல்கிறோம். இதற்குள் நிலவும் முன்னேறி விடுவதால் நேற்றைய ஏற்றம் இன்று சுமார் 50 நிமிடம் தாமதமாக வருகிறது.

சூரியனும் கடலை இழுக்கிறது. அதன் வலிமை நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பௌர்ணமியிலும் அமாவாசையிலும் இரண்டும் ஒரே கோட்டில் நின்று கைகோக்கின்றன. அப்போது ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். எட்டாம் பிறையில் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதால் கடல் அடங்கிக் கிடக்கும். பழந்தமிழில் பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பொதுவாக 'உவா' என்ற ஒரே சொல் இருந்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வெள்ளுவா, காருவா என்று நிறத்தால் மட்டும் பிரித்தார்கள். கண்ணுக்கு அவை நேரெதிர் நாட்கள். கடலுக்கோ இரண்டும் ஒன்று.

பெரிய ஏற்ற நாட்களில் பினாங்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் 2 மீட்டர். அதே மலாக்கா நீரிணையில் தெற்கே உள்ள கிள்ளான் துறைமுகத்திலோ 4 மீட்டரையும் தாண்டும். அந்தமான் கடலிலிருந்து வரும் ஓதம், குறுகிக்கொண்டும் ஆழம் குறைந்துகொண்டும் போகும் நீரிணைக்குள் நெருக்கப்பட்டு உயர்கிறது. ஆக, நிலவு மட்டும் தீர்மானிப்பதில்லை, கரையின் அமைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இது வெறும் புத்தக அறிவு அல்ல. 2017 நவம்பர் 4 பௌர்ணமி. அன்றிரவும் மறுநாளும் பினாங்கில் பெய்த பேய்மழையில் ஜார்ஜ்டவுனும் செபராங் பிறையும் மூழ்கின. 7 பேர் உயிரிழந்தனர். வெள்ளத்துக்கு முதற்காரணம் மழையும் காற்றும்தான், நிலவு அல்ல. ஆனால் கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் சுங்கை பினாங்கு போன்ற ஆறுகளின் நீர் வடிய வழியில்லாமல் ஊருக்குள் தேங்குகிறது. கனமழை எச்சரிக்கையும் பெரிய ஏற்றமும் ஒரே நாளில் வந்தால் தாழ்வான பகுதிகளில் இருப்போர் காரையும் பொருள்களையும் முன்கூட்டியே நகர்த்தி வைப்பது நல்லது. மழையைத் துல்லியமாகக் கணிப்பது கடினம். ஏற்றத்தின் நேரமோ ஆண்டுத் தொடக்கத்திலேயே ஓத அட்டவணையில் அச்சாகி விடுகிறது.

இன்னொரு பௌர்ணமியையும் பினாங்கு மறக்காது. 2004 டிசம்பர் 26. சுனாமியில் மலேசியாவில் மாண்ட 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் மாண்டனர். நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். அன்று முழுநிலவு என்பதால் "பௌர்ணமிக் கடல் பொங்கி விட்டது" என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. நிலவின் மேல் பழி போடுவது எளிது. உண்மையில், அன்று காலை மலேசிய நேரம் 8.58-க்குச் சுமத்ரா அருகே கடலடித் தரை பிளந்து உயர்ந்ததே காரணம். பினாங்கின் கரைகளை அலை தொட்டபோது பிற்பகல் ஒரு மணி தாண்டியிருந்தது. இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் எச்சரிக்க அமைப்பு இல்லை. 2005-இல்தான் மலேசிய வானிலைத் துறையின் கீழ் சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது.

அன்று பல நாட்டுக் கரைகளில் கடல் திடீரெனப் பின்வாங்கியபோது, அதை வற்றம் என்று எண்ணி மீன் பொறுக்க இறங்கியவர்கள் உண்டு. நிலவால் வரும் வற்றம் ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கும், அட்டவணையில் எழுதிய நேரத்தில் இறங்கும். சுனாமிக்கு முன் கடல் சில நிமிடங்களில் உள்வாங்கும். சில சமயம் உள்வாங்காமலே அலை வந்துவிடவும் செய்யும். பத்து பெரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ நேரமல்லாத நேரத்தில் கடல் விறுவிறுவென்று விலகினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கோ உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கோ ஏறிவிட வேண்டும். முதல் அலை போனதும் இறங்கக் கூடாது. அடுத்தடுத்த அலைகள் மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.